சேப்பாக்க மைதானமும் அதன் ஆட்ட வரலாறும்

சென்னை மாநகரிற் கடற்கரையை அடுத்து, வாலாஜா சாலைக்கும் விக்டோரியா மாணவர் விடுதிச் சாலைக்கும் இடையே, பக்கிங்காம் கால்வாயின் பக்கத்திற் கிடப்பது சேப்பாக்க மைதானம். எம். ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கம் என்பது இதற்கு இப்போது வழங்கும் முறையான பெயர். எனினும் ஊரார் நாவிற் சேப்பாக்கம் என்னும் பழம் பெயரே நிற்கிறது. விருத்தாசலத்தினின்று இக்கல்லூரிக்கு வந்த எம்மனோர்க்கு, மணிமுத்தாற்று மணலிற் குச்சி நட்டு ஆடிய நாள் முதலே இப்பெயர் பழக்கமானது. விழுப்புரம் வழியாக எழும்பூர் சென்று இறங்கும் நம் ஊர் இளைஞருட் பலர், சென்னையிற் காண விரும்பும் இடங்களைச் சொல்லுமிடத்து, கடலுக்கு அடுத்தபடியாக இதனையே சொல்லுவர்.

மைதானங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், யார் எத்தனை விக்கெட்டு வீழ்த்தினார் என்னும் கணக்கையே நிரப்பிச் செல்வர். அக்கணக்கும் வேண்டுவதே, பின்னர் நாமும் தருவோம். ஆயினும் சேப்பாக்கத்தைப் பொறுத்தவரை அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இம்மைதானத்தின் வாயில் எந்தக் காலத்தில் யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைத்திருந்தது என்பதே அது.

இக்கேள்வியின் பொருள் விளங்குதற்கு, கடல் கடந்த ஒரு தேசத்தின் செய்தியை முதற்கண் நோக்குவோம். அயர்லாந்து தேசம் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்த காலத்து, 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், திப்பரரி மாகாணத்துத் தர்லஸ் என்னும் ஊரிற் சிலர் கூடி, கேலிக் தடகளச் சங்கம் என்னும் ஒரு சங்கத்தை நிறுவினர். ஆள்வோரின் ஆட்டங்கள் தம் மக்களின் பழைய ஆட்டங்களை விழுங்கிவிடும் என்று அஞ்சியே அவர்கள் அதனைச் செய்தனர். கையாலும் காலாலும் ஆடும் கேலிக் பந்தாட்டத்தையும், கோல் கொண்டு ஆடும் ஹர்லிங் ஆட்டத்தையும் அச்சங்கம் ஊர்தோறும் பரப்பிற்று. மாகாணந்தோறும் மைதானங்கள் எழுந்தன. டப்ளின் நகரத்து மைதானத்தை 1913-இல் விலைக்கு வாங்கி, சங்கத்தை ஆதரித்த தாமஸ் குரோக் என்னும் மேற்றிராணியாரின் பெயரால் குரோக் பார்க் எனப் பெயரிட்டனர். 1920 நவம்பர் 21-ஆம் நாள், டப்ளின் அணியும் திப்பரரி அணியும் அங்கு ஆடிக்கொண்டிருந்தபோது ஆங்கிலப் படையினர் உட்புகுந்து சுட, 14 பேர் மாண்டனர். அவருள் மைக்கேல் ஹோகன் என்னும் ஆட்டக்காரரும் ஒருவர். அங்குள்ள மாடமொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிரிக்கெட்டு, ரக்பி முதலிய அயலார் ஆட்டங்களை ஆடிய உறுப்பினரைச் சங்கத்தினின்று நீக்கும் விதி 1971 வரை நடைமுறையில் இருந்தது.

அயர்லாந்தினர் ஆள்வோரின் ஆட்டத்தை விலக்கித் தமக்கெனத் தனி மைதானம் அமைத்தனர். நம்மவர் சென்ற வழி வேறு. ஆள்வோரின் ஆட்டத்தையே கற்று, ஆள்வோரின் மைதானத்துக்குள்ளேயே அடிமேல் அடி வைத்துப் புகுந்தனர். இவ்விரண்டில் எது சிறந்தது என்று தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. நம் சடுகுடுவிற்கும் சிலம்பத்திற்கும் சேப்பாக்கத்தைப் போன்றதோர் அரங்கு அக்காலத்தில் எழவில்லை. ஏறுதழுவுதலுக்கென அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் ஓர் அரங்கு எழுந்ததும் 2024-ஆம் ஆண்டில்தான். நாம் தேர்ந்த வழிக்குக் கொடுத்த விலையென இதனைக் கருதலாம்.

இனிச் சேப்பாக்கத்தின் கதைக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா 1768-ஆம் ஆண்டளவில் இங்கு ஓர் அரண்மனை எடுப்பித்தார். அதனைச் சூழ்ந்து பெருந்தோட்டமும் வெளியும் இருந்தன. 1855-இல் அம்மரபின் கடைசி நவாபு ஆண் வாரிசின்றி இறந்தமையால், அரண்மனை அரசாங்கத்தார் கைக்கு வந்தது. இதற்கிடையே, அலெக்சாண்டர் ஆர்பத்நாட் என்னும் ஆங்கில அதிகாரி 1846-இல் சென்னைக் கிரிக்கெட்டுக் கிளப்பை நிறுவியிருந்தார். அக்கிளப்பார் முதலில் கோட்டையை அடுத்த தீவுத் திடலில் ஆடினர். 1865-இல் நவாபின் அரண்மனை வெளியில் ஒரு பகுதியைப் பெற்றுச் சேப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தனர். அரசிழந்த ஒரு குடியின் தோட்டம், அரசேற்றவரின் ஆடுகளமாயிற்று.

கிளப்பு ஐரோப்பியருக்கே உரியது. நம்மவர் அதில் உறுப்பினராதல் இயலாது. நம்மவர் அணியொன்று எப்போதேனும் ஆட வந்தாலும், ஆட்டம் முடியும் மட்டுமே அவர்க்கு உள்ளே இடம். இந்நிலையை மாற்ற முற்பட்டவர் புச்சிபாபு நாயுடு என்னும் மோதவரபு வேங்கட மகிபதி நாயுடு. 1868-இற் பிறந்த இவர், பாரி கம்பெனியில் துபாஷித் தொழில் செய்து பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தில் வந்தவர்; மயிலாப்பூரை அடுத்த லஸ் மாளிகையில் வாழ்ந்தவர். பகலுணவு வேளையில் ஐரோப்பிய ஆட்டக்காரர் பெவிலியனுக்குட் சென்று உண்ண, நம்மவர் மரத்தடியில் இருந்து உண்ண நேர்ந்ததைக் கண்டு இவர் மனம் நொந்தார் என்று சொல்லுவர். அச்செய்தி உள்ளவாறு நிகழ்ந்ததோ, சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, அதன்பின் அவர் செய்தது ஐயமின்றித் தெரிகிறது. 1888-இல் நம்மவருக்கென மதராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். மட்டையும் பந்தும் காலணியும் வாங்க வகையில்லாத இளைஞர்க்குத் தம் பொருளாலேயே அவற்றை வாங்கிக் கொடுத்தார். தம் மாளிகைத் தோட்டத்தைப் பயிற்சிக்களம் ஆக்கினார்.

சினங்கொண்டவர் சண்டைக்குச் செல்லுதல் இயல்பு. புச்சிபாபுவோ ஆட்டத்துக்கு அழைத்தார். ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் ஆண்டுக்கொரு முறை ஒரே மைதானத்திற் சமமாக நின்று ஆடவேண்டும் என்பது அவரது எண்ணம். அதற்குச் சென்னைக் கிளப்பார் இசைந்து, ஏற்பாடுகள் ஆகிக்கொண்டிருந்த 1908-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நாற்பதே வயதில் அவர் காலமானார். தாம் நட்ட மரத்தின் நிழலில் இருக்க அவர்க்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் கருதிய ஆட்டம் பிரஸிடென்ஸி மாட்சு எனப் பெயர்பெற்று, 1915 முதல் ஒழுங்காக நடந்து வந்தது. பொங்கற் பண்டிகையை ஒட்டி நடந்தமையால், நம்மவர் இதனைப் பொங்கல் மாட்சு என்றனர். வெள்ளையர் கிளப்பின் மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கு நம் அறுவடைத் திருநாளின் பெயர் ஏறியது சிறு செய்தியன்று; மைதானம் கைமாறுவதற்கு முன்னரே அதன் பெயர் கைமாறத் தொடங்கிவிட்டது. 1952 வரை அவ்வாட்டம் நிகழ்ந்தது. புச்சிபாபுவின் மகன்களும் நல்ல ஆட்டக்காரரே. அவருள் சி. ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடி, 1936-இல் தம் நாற்பதாம் வயதில் இங்கிலாந்து சென்று மாஞ்செஸ்டர் நகரத்து டெஸ்டில் 40, 60 என ஓட்டங்கள் எடுத்தார்.

சேப்பாக்கத்தில் முதல் டெஸ்டுப் பந்தயம் 1934 பிப்ரவரி 10-ஆம் நாள் தொடங்கியது. இங்கிலாந்துக்கு டக்ளஸ் ஜார்டினும், நமக்குக் கர்னல் சி. கே. நாயுடுவும் தலைவர்கள். அமர்சிங் முதல் இன்னிங்ஸில் 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டு வீழ்த்தினார். ஆயினும் ஹெட்லி வெரிட்டி என்னும் இடக்கைச் சுழல் வீரர் ஆட்டம் முழுதிலும் 11 விக்கெட்டு எடுக்க, நாம் 202 ஓட்டங்களால் தோற்றோம்.

அவ்வாண்டே நவம்பர் 4-ஆம் நாள் நிகழ்ந்ததைத் தோல்வி, வெற்றி என்னும் கணக்கால் மட்டும் அளத்தல் கூடாது. ரஞ்சிக் கோப்பை என்னும் மாகாணப் போட்டியின் முதல் ஆட்டம் அன்று இங்குத் தொடங்கியது. சென்னையும் மைசூரும் எதிர்நின்றன. முதற் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். மைசூர் 48, சென்னை 130, மறுபடியும் மைசூர் 59. அன்று மாலைக்குள் ஆட்டம் முடிந்தே போயிற்று. ஏ. ஜி. ராம்சிங் என்னும் இடக்கை வீரர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ஓட்டங்களே கொடுத்து 11 விக்கெட்டு வீழ்த்தினார். அமிர்தசரஸிற் பிறந்து சென்னையையே தம் ஊராகக் கொண்ட இச்சீக்கியருக்கு டெஸ்டில் ஆடும் வாய்ப்புக் கிட்டவே இல்லை. அவர் மைந்தர்களான கிருபால்சிங், மில்காசிங் இருவர்க்கும் கிட்டியது.

கோபாலனைப் பற்றி இன்னும் சில சொற்கள் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு சிற்றூரிற் பிறந்த இவர், கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் ஒருங்கே தேர்ந்தவர். 1936-இல் இரண்டு வழிகள் அவர் முன் நின்றன. ஒன்று தியான் சந்தின் ஹாக்கி அணியோடு பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் செல்வது. மற்றது கிரிக்கெட்டு அணியோடு இங்கிலாந்து செல்வது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. கோபாலனோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டிலும் ஆடாமலே திரும்பினார். அதன்பொருட்டு அவரை இரங்கத்தக்கவர் என்று நினைத்தல் வேண்டா. 1953 முதற் பல ஆண்டுகள் சென்னை அணியும் இலங்கை அணியும் ஆடிய பந்தயத்துக்கு அவர் பெயராலேயே கோபாலன் கோப்பை என்று பெயர் வழங்கிற்று. இக்கோப்பையை நினைவில் வைத்திருக்க அன்பரை வேண்டுகிறோம். பின்னர் ஓரிடத்தில் இதனைத் திரும்ப நோக்க வேண்டியிருக்கும்.

1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் ஒரு டெஸ்டு தொடங்கியது. இந்தியா 1932 முதல் டெஸ்டு ஆடி வருகிறது; இஃது இருபத்தைந்தாவது ஆட்டம்; அதுவரை ஒரு வெற்றியேனும் நமக்கு வாய்க்கவில்லை. முதல் நாள் ஆட்டத்தின்போதே, ஆறாம் ஜார்ஜ் மன்னர் இலண்டனில் இறந்த செய்தி வந்து சேர்ந்தது; மறுநாள் ஆட்டம் நிறுத்தப்பட்டது. வினு மன்கட் தம் இடக்கைச் சுழலால் முதல் இன்னிங்ஸில் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டும், அடுத்ததில் 53 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டும் வீழ்த்தினார். பங்கஜ் ராய் 111; பாலி உம்ரிகர் ஆட்டமிழவாது 130. இங்கிலாந்து 266, 183. இந்தியா 9 விக்கெட்டுக்கு 457. ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் வேறுபாடாக நாம் வென்றோம். விஜய் ஹசாரே தலைவர். சென்னை இளைஞர் சி. டி. கோபிநாத்தும் அணியில் இருந்தார். நம்மவர் மரத்தடியில் உண்டதாகச் சொல்லப்படும் அதே மைதானத்தில், முடியாட்சி நம் நாட்டைவிட்டு நீங்கிய இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஒரு முடிமன்னர் மறைந்த செய்தி வந்த ஆட்டத்தில் முதல் வெற்றி கிட்டியது. கதை எழுதுவோர் இவ்வாறு புனைந்தால் மிகைபடக் கூறினர் என்போம். நிகழ்ச்சிகள் தாமே சில வேளைகளில் அவ்வாறு அமைகின்றன.

வெற்றி வந்தும் மைதானம் முற்றிலும் நமதாகிவிடவில்லை. இடம் பழைய கிளப்பாரின் வசமே இருந்தது. 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்டுகள் சேப்பாக்கத்தை விட்டு, நேரு ஸ்டேடியம் எனப் பின்னர் வழங்கிய கார்ப்பொரேஷன் மைதானத்தில் நடந்தன. 1956 ஜனவரியில் மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் சேர்த்தது அங்கேதான். அதனைச் சேப்பாக்கத்தின் புகழோடு சேர்த்துப் பேசுவோர் உளர், அது பிழை. 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவு அணியோடு டெஸ்டு ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. அவ்வாட்டத்தின் முதல் நாள் உணவு வேளைக்கு முன்னரே பரூக் எஞ்சினியர் 94 ஓட்டம் எடுத்துவிட்டார். அதன்பின் மாகாணக் கிரிக்கெட்டுச் சங்கத்தின் முயற்சியால் மைதானத்தைச் சுற்றிச் சிமெண்டு மாடங்கள் எழுந்தன. சங்கத்துக்கும் இந்தியக் கிரிக்கெட்டு வாரியத்துக்கும் தலைமை தாங்கிய தொழிலதிபர் எம். ஏ. சிதம்பரத்தின் பெயர் அரங்குக்கு இடப்பட்டது.

இவ்விடத்தில் ஆடுகளத்தின் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. விருத்தாசலத்தார் இதனைப் பிறரினும் எளிதில் உணர்வர். நம் ஊரிற் பொம்மையும் கிண்ணமும் மின்கம்பிக் குமிழும் செய்யும் பீங்கான் தொழிலாளரைக் கேட்டுப் பாருங்கள். களிமண் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், உலருங்கால் சுருங்கும், சுருக்கம் ஒரு சீராக இல்லாவிடிற் பிளக்கும். அதனாலன்றோ வனைந்த பாண்டத்தை நிழலிற் பையப்பைய உலர்த்திய பின்னரே சூளையில் வைக்கின்றனர்? கிரிக்கெட்டின் ஆடுகளமும் 22 கெஜ நீளமுள்ள ஒரு களிமண் பாண்டமே. நீர் தெளித்து உருளை இழுத்து இறுக்கிய அத்தரை, ஆட்டத்தின் முதல் இரண்டு நாள் கெட்டியாக இருந்து மட்டையாளர்க்கு உதவும். ஐந்து நாள் வெயிலில் நிழலின்றிக் கிடப்பதால் ஈரம் வற்றும், மேற்பரப்பு பிளக்கும், ஆட்டக்காரரின் காலணி ஆணிகள் அதனை மேலும் கிளறும். பிளவிலும் புழுதியிலும் விழுந்த பந்து எதிர்பாராத கோணத்தில் திரும்பும். செம்மண் களத்துக்கும் கரிமண் களத்துக்கும் பந்து எழும் உயரத்தில் வேறுபாடு உண்டு. சேப்பாக்கத்தில் இருவகைக் களங்களும் இடப்பட்டுள்ளன. நம் குயவர் அஞ்சும் பிளவையே சுழற்பந்து வீரர் வேண்டி நிற்கிறார் என்பது வேடிக்கைதான்.

ஆதலின் இம்மைதானம் சுழலுக்குப் பேர்பெற்றதில் வியப்பில்லை. வெரிட்டியும் மன்கட்டும் முன்னே கூறப்பட்டனர். 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி, தாம் ஆடிய முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவு அணியின் 16 விக்கெட்டுகளை 136 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். 2001 மார்ச்சில் ஹர்பஜன்சிங் ஆஸ்திரேலியரின் 15 விக்கெட்டுகளை வீழ்த்த, நாம் 2 விக்கெட்டு வேறுபாட்டில் வென்று தொடரையும் வென்றோம். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த அசுவின் 2013-இல் ஆஸ்திரேலியருக்கு எதிராக 12 விக்கெட்டு எடுத்தார். 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக 113 ஓட்டமும், இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட்டும் எடுத்தார். ஆனால் சேப்பாக்கத்தில் வேகப்பந்துக்கு வேலையில்லை என்று கூறுவோர் ஏடுகளைப் புரட்டிப் பாராதவர். 1975-இல் ஆண்டி ராபர்ட்ஸ் இங்கு 12 விக்கெட்டு வீழ்த்தினார். அவ்வாட்டத்தில் மற்றவர் அவர் முன் சாய, குண்டப்பா விசுவநாத் மட்டும் நின்று 190-இல் 97 ஓட்டங்களைத் தாமே எடுத்தார். நாம் 100 ஓட்டங்களால் வென்றோம். சதமடையாத அந்த 97-ஐ எத்தனையோ சதங்களுக்கு மேலாக முதியவர் இன்றும் போற்றுவர். 1980-இல் கபில்தேவ் பாகிஸ்தானின் 11 விக்கெட்டுகளையும், 1985-இல் நீல் பாஸ்டர் நம்மவரின் 11 விக்கெட்டுகளையும் இங்கு வீழ்த்தியது வேகத்தாலேயே.

மட்டையாளர் பட்டியலும் குறைவுடையதன்று. 1983 டிசம்பரிற் சுனில் காவஸ்கர் தம் முப்பதாவது சதத்தை ஆட்டமிழவாத 236 ஆக இங்கு எடுத்தார். 2008-இல் சேவாக் தென்னாப்பிரிக்கருக்கு எதிராக 319. 2016-இல் கருண் நாயர் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழவாது 303. இவற்றை விரிக்கிற் பெருகும்.

விரிக்கத் தகுவது 1986 செப்டம்பர் ஆட்டம். புழுக்கம் மிகுந்த அந்நாட்களில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டம் எடுத்து, உடல்நீர் வற்றி, ஆட்டத்தின் பின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கடைசி நாள் இந்தியாவுக்கு வெற்றி இலக்கு 348. கிரெக் மாத்யூஸ் வீசிய இறுதி ஓவரில் ரவி சாஸ்திரி ஓட்டங்கள் எடுத்து இரு பக்கக் கணக்கையும் சமமாக்கினார். எஞ்சிய மணிந்தர்சிங், ஒரு பந்து மிச்சமிருக்க, காலில் பந்து பட்டு ஆட்டமிழந்தார் என நடுவர் விக்ரமராஜு விரலை உயர்த்தினார். இந்தியா 347. வெற்றியுமின்றித் தோல்வியுமின்றி ஓட்டம் சமமாக முடிந்த டெஸ்டு, அதற்கு முன் 1960-இற் பிரிஸ்பேன் நகரில் நிகழ்ந்த ஒன்றே. மட்டையிற் பட்டதா படவில்லையா என்னும் வழக்கை மணிந்தர்சிங் விடவில்லை. அவ்வழக்கைத் தீர்க்கும் பொறிகள் அக்காலத்தில் இல்லை.

எனினும் சேப்பாக்கத்தின் தலையாய நாள் எது என்று எம்மைக் கேட்பின், நாம் தோற்ற ஒரு நாளையே சொல்லுவோம். 1999 ஜனவரியில், பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் பாகிஸ்தான் அணி டெஸ்டு ஆட இந்தியா வந்தது. அவ்வரவை எதிர்த்த சிலர் தில்லி மைதானத்தின் ஆடுகளத்தையே தோண்டிச் சிதைத்தனர். அதனால் தில்லியில் நடக்கவிருந்த முதல் டெஸ்டு சென்னைக்கு மாற்றப்பட்டது. வெற்றிக்கு 271 வேண்டிய நிலையில் 82 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டு இழந்தோம். சச்சின் டெண்டுல்கர் முதுகு வலியோடு நின்று 136 எடுத்தார். நயன் மோங்கியா துணைநின்றார். 17 ஓட்டங்களே வேண்டியிருந்தபோது டெண்டுல்கர் ஆட்டமிழக்க, எஞ்சிய மூவரும் நாலு ஓட்டத்துக்குள் வீழ்ந்தனர். சக்லைன் முஷ்டாக் ஆட்டத்தில் 10 விக்கெட்டு எடுத்திருந்தார். பாகிஸ்தான் 12 ஓட்டங்களால் வென்றது.

அதன்பின் சில கணம் அரங்கு முழுதும் வாயடைத்திருந்தது. பின்னர் மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். தட்டல் ஓயவில்லை. வசீம் அக்ரமும் அவர் அணியினரும் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து அதனை ஏற்றுக்கொண்டனர். நம் நாட்டு மைதானமொன்றிற் பாகிஸ்தான் அணிக்கு அத்தகைய வரவேற்பு கிடைக்குமென்று அவரும் நினைத்திரார், தட்டியவரும் நினைத்திரார். எவரும் ஏவி அது நிகழவில்லை. ஆட்டத்தை ஆட்டமாக அறிந்த கூட்டம் என்று சேப்பாக்கத்தார்க்கு வழங்கும் பெயர் அன்று நிலைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1997 மே 21-ஆம் நாள், இதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 ஓட்டம் எடுத்து ஒருநாள் ஆட்டத்தின் அந்நாளைய உலக எல்லையைக் கடந்தபோதும் சென்னையார் கைதட்டினர் என்பதை அறிந்தோர்க்கு 1999 அத்துணை வியப்பாகாது.

இப்புகழைச் சொல்லிய வாயால் மறுபக்கத்தையும் சொல்லுதல் கடன். 2009-இல் முடிந்த ஈழப் போரின் கொடுமைகளால் தமிழகம் கொதித்திருந்த காலத்து, 2013-ஆம் ஆண்டு ஐ.பி.எல். பந்தயங்களிற் சிங்களவர், தமிழர் என்ற வேறுபாடின்றி இலங்கை ஆட்டக்காரர் எவரும் சென்னையில் ஆடலாகாது என்று மாநில அரசு கூறியது. பந்தயம் நடத்துவோரும் அதற்கு இசைந்தனர். மக்களின் துயரமும் சினமும் பொய்யல்ல. ஆயினும் அவ்விதியின்படி வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோருள் முத்தையா முரளிதரனும் ஒருவர் ஆனார். கண்டியிற் பிறந்த தமிழர் அவர். 2008 முதற் சில ஆண்டுகள் சென்னை அணியின் மஞ்சள் உடுப்பையே அணிந்து இம்மைதானத்தில் ஆடியவர். கோபாலன் கோப்பைக்காக இலங்கை அணியை எதிர்நோக்கி நின்ற மைதானம் இது என்பதை அன்று எவரேனும் நினைத்தனரோ? வாயிலை அடைப்பதற்குக் காரணம் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொன்று கிடைக்கிறது. கிளப்பாரிடமும் அன்று ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்.

குரோக் பார்க்கிலும் அத்தகைய வாயில் ஒன்று இருந்தது. அயலார் ஆட்டங்களுக்கு அம்மைதானத்தில் இடமில்லை என்னும் விதியை 2005-இல் சங்கத்தார் வாக்கெடுத்துத் தளர்த்தினர். 2007 பிப்ரவரி 24-ஆம் நாள் இங்கிலாந்து ரக்பி அணி அங்கு ஆட வந்தது. 1920-இற் குருதி சிந்திய தரையில் ஆங்கில அரசியின் கீதம் இசைக்கப்பட்டபோது ஐரிஷ் மக்கள் அமைதியாக நின்று கேட்டனர். பின்னர் 43-க்கு 13 என்று வென்றனர். எண்பத்தேழு ஆண்டுகள் சென்ற பின் நிகழ்ந்தது அது. துயரம் ஆறுதற்கு அதற்குரிய காலம் வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அரங்கின் கட்டடங்கள் இடையிடையே மாறி வந்துள்ளன. 2011 உலகக் கோப்பைக்கென எழுப்பிய புதிய மாடங்களில் ஐ, ஜே, கே என்னும் மூன்றும் கட்டட விதி பற்றிய வழக்கினால் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து பின்னர் திறக்கப்பட்டன. முன்னாளில் நம்மவர் நுழைய இயலாதிருந்த பழைய கிளப்பின் பெவிலியனும் இடிக்கப்பட்டு, 2023 மார்ச்சில் அப்பக்கத்திற் கலைஞர் மு. கருணாநிதியின் பெயரால் புதிய மாடம் திறக்கப்பட்டது. இப்போது சுமார் 38,000 பேர் அமரலாம். கால்வாய்ப் பக்கமாகச் செல்லும் பறக்கும் ரயிலின் சேப்பாக்க நிலையத்தில் இறங்கினால் மைதானம் நடைதூரமே. ஐ.பி.எல். ஆட்டங்களுக்கான சீட்டின் விலை மாணவர் கைக்கு எட்டுவதாயில்லை என்பது எம் நண்பர் பலரின் முறையீடு. டெஸ்டு ஆட்டத்தில் அத்துணைத் தொல்லை இல்லை. ஐந்து நாள் வெயிலைத் தாங்கும் பொறுமையே அங்கு வேண்டும் பெரிய செலவு.

பெண்டிர்க்கு இம்மைதானம் பார்வையாளர் மாடத்தை மட்டுமே கொடுத்திருந்த காலம் நெடிது. 2024 ஜூன் 28-ஆம் நாள் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்க மகளிர் அணியோடு இங்கு டெஸ்டு ஆடத் தொடங்கியது. ஷெபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தானாவும் முதல் விக்கெட்டுக்கு 292 ஓட்டம் சேர்த்தனர்; மந்தானா 149, ஷெபாலி 205. இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 எடுத்து நிறுத்தியது. மகளிர் டெஸ்டில் எந்த அணியும் அதற்கு முன் அத்தனை ஓட்டம் எடுத்ததில்லை. பின்னர் ஸ்நேக் ராணா என்னும் சுழல் வீராங்கனை அதே பிளவுண்ட களிமண்ணில் 77 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டு வீழ்த்தினார். தென்னாப்பிரிக்கர் 266-இல் முடிந்து, மீண்டும் ஆடி 373 எடுத்தனர். வேண்டிய 37 ஓட்டங்களை விக்கெட்டு இழவாமல் எடுத்து, ஜூலை முதல் நாள் நம் மகளிர் 10 விக்கெட்டால் வென்றனர்.